பாளையங்கோட்டைப் பள்ளியின் கிறிஸ்துமஸ் விற்பனை

மாணவியர் தங்கள் கையால் செய்த பொருள்களை டிசம்பர் மாதத்தில் பள்ளி வளாகத்திலேயே விற்று, கிடைக்கும் பணத்தை ஒரு நற்காரியத்துக்குக் கொடுப்பது தென் தமிழகத்து மிஷன் பள்ளிகள் பலவற்றில் நெடுநாளாக இருந்த வழக்கம். பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் அது ‘கிறிஸ்துமஸ் சேல்’. பாளையங்கோட்டையில் உள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 1992ஆம் ஆண்டு நடந்த விற்பனையை, அதில் பங்குகொண்டவர்களின் நினைவிலிருந்து இக்கட்டுரை விவரிக்கிறது. தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த ஆண்டு அது. ஒரு பள்ளியின் விற்பனை எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டைப் போல வேறெந்த ஆண்டும் தெளிவாகக் காட்டியதில்லை.

பிள்ளைகளின் கைவேலையால் பணம் திரட்டும் வழக்கத்துக்கு இந்தப் பகுதியில் பழைய வேர் உண்டு. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தி, படிப்போடு லேஸ் பின்னும் கலையையும் கற்றுக்கொடுத்தார். கெட்டியான திண்டின்மேல் கோலத்தாளை வைத்து, ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் அது. பிள்ளைகள் பின்னியதை வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். அந்த வருமானம் பள்ளியை நடத்த உதவியது. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பதை அக்கால மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அந்த லேஸ் வேலையையும் கொண்டுவந்தார். தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் பல தலைமுறைப் பெண்களுக்கு அது பிழைப்பானது.

கொடுக்கும் பழக்கமும் இந்த மண்ணில் ஊறியது. சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கம். 1903இல் வி. எஸ். அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணத்தால் இந்தியரே நடத்தும் சங்கமாகவே அதை அமைத்தார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் உள்ளூரிலேயே சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெருங்காரியம் செய்யலாம் என்ற நம்பிக்கையைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள்.

கைவேலை பாடத்திட்டத்தில் இடம்பெற்றதற்கு வேறொரு வழியும் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே நடுநாயகம். பிள்ளைகள் செய்யும் பொருள்களை விற்றுப் பள்ளிச் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டலாம் என்று அவர் கருதினார். அத்திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழு அதை ஏற்றாலும், வருமானத்தின் மீதே கண் போனால் கல்வி பின்னுக்குப் போய்விடும் என்று எச்சரித்தது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகத்துக்குப் பயன்படும் ஆக்கப்பணியைப் பள்ளிகளில் ஒரு பாடமாக்கப் பரிந்துரைத்தது. பாளையங்கோட்டைப் பள்ளியின் கால அட்டவணையில் தையலுக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்கியிருந்த பாடவேளைகளில்தான் விற்பனைக்கான பொருள்களில் பெரும்பகுதி உருவானது. மற்றவை மதிய உணவு வேளையிலும், மாலையில் விடுதித் திண்ணையிலும் செய்து முடிந்தன.

வேலை காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்ததும் தொடங்கும். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் நடுவில் வந்துவிடும் என்பதால், விற்பனைக்கு டிசம்பர் முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்திருந்தது. இடையில் இருப்பது அக்டோபரும் நவம்பரும், வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். ஓலை காய வேண்டும், சாயம் பிடிக்க வேண்டும், பசை உலர வேண்டும். வெயில் அடிக்கும் நாளைப் பார்த்தே வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். பள்ளியின் கூட்டுறவுப் பண்டகசாலையிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சிறு தொகை முதலாகக் கிடைக்கும். அது இனாம் அல்ல, கடன். விற்பனை முடிந்ததும் முதலைத் திருப்பிக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் நற்பணிக்கு. வாங்கிய நூலுக்கும் மெழுகுக்கும் தாளுக்கும் வகுப்புத் தலைவி ரசீதோடு கணக்கு வைத்தாள். அந்த நோட்டில் வாரம் ஒரு முறை வகுப்பாசிரியை கையெழுத்திடுவார்.

அந்த ஆண்டு, நூலகத்துக்குப் புத்தக அலமாரிகள் வாங்குவதென்று முதலில் முடிவாகியிருந்தது. நவம்பர் 13ஆம் தேதி எல்லாம் மாறிப்போனது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழையால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பின. திறந்துவிட்ட நீரும் காட்டாற்று நீரும் சேர்ந்து தாமிரபரணி கரைபுரண்டது. சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் போன்ற ஆற்றோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. மாவட்டத்தில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பள்ளி மீண்டும் திறந்தபோது, வகுப்புகளில் சில இடங்கள் காலியாக இருந்தன. வந்த பிள்ளைகளிலும் சிலர் சீருடை இல்லாமல் வந்தார்கள், புத்தகப் பை இல்லாமல் வந்தார்கள். விற்பனையை அந்த ஆண்டு நிறுத்திவிடலாமா என்று ஆசிரியைகளிடையே பேச்சு எழுந்தது. வேண்டாம், நடத்தத்தான் வேண்டும், பணத்தை வெள்ளத்தில் இழந்தவர்களுக்குக் கொடுப்போம் என்று சொன்னவர்கள் மேல்வகுப்பு மாணவியர். அப்படியே முடிவானது.

வகுப்புக்கு ஒரு பொருள் என்று வேலை பிரிந்திருந்தது. ஆறாம் வகுப்புக்கு வாழ்த்து அட்டை, ஏழாம் வகுப்புக்கு நட்சத்திரம், எட்டாம் வகுப்புக்குப் பனையோலைப் பொருள்கள், ஒன்பதாம் வகுப்புக்கு மெழுகுவர்த்தி. மேல்நிலை வகுப்புகள் தையலையும் வயர் கூடையையும் எடுத்துக்கொண்டன. பலகாரம் விடுதியின் பொறுப்பு.

வாழ்த்து அட்டைகள் எளியவை, ஆனால் பிள்ளைகளின் கற்பனைக்கு இடம் கொடுத்தவை. அரச இலையைப் பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் சதைப்பகுதி அழுகிக் கழன்று நரம்புகள் மட்டும் வலைபோல் மிஞ்சும். மென்மையான தூரிகையால் அலசி, புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தி, அதன்மேல் நட்சத்திரமும் மாட்டுக்கொட்டிலும் வரைந்து அட்டையில் ஒட்டினார்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டு அச்சுக் குத்தினால் பூ விழும். பழைய பல்துலக்கியை வண்ணத்தில் நனைத்துச் சீப்பில் தேய்த்தால் சாரல்போல் தெறிக்கும். நடுவில் வைத்த காகித உருவை எடுத்ததும் அது வெள்ளையாகத் தெரியும். ஒரு குழந்தையின் ஓவியம் உலகெங்கும் நிதி திரட்டிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யுனிசெஃப் உதவி பெற்ற செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஜித்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி நன்றியாக வரைந்த படம்தான் 1949இல் அந்நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. ஆறாம் வகுப்பில் அந்தக் கதையை ஆசிரியை சொன்ன பிறகு, அட்டையின் பின்புறம் ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் வகுப்பையும் எழுதத் தொடங்கினாள்.

நட்சத்திரத்துக்கு மூங்கில் வேண்டும். மெல்லிய சிம்புகளாகப் பிளந்த மூங்கிலை நூலால் கட்டி, ஐந்து முனை கொண்ட இரண்டு சட்டங்கள் செய்வார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் இறுகக் கட்டிவிட்டு, நடுவில் உள்ள ஐந்து சந்திகளிலும் சிறு குச்சிகளைச் செருகினால் நட்சத்திரம் புடைத்து நிற்கும். அதன்மேல் வண்ணத் தாள் ஒட்டப்படும். பசை மைதா மாவில் காய்ச்சியது. எலியும் கரப்பானும் அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சென்பதால் அந்த வேலையை ஆசிரியையே செய்தார். உள்ளே மின்விளக்கு வைக்கப் பின்பக்கத்தில் ஒரு கதவு விடுவார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களில் புகழ்பெற்ற ஒன்றும் பள்ளி வகுப்பறையில் பிறந்ததுதான். ஜெர்மனியில் மொரேவியன் சபையினரின் நீஸ்கி பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடிவியல் பயிற்சியாக மாணவர்கள் செய்த பல முனைத் தாள் நட்சத்திரமே பின்னாளில் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று வணிகப் பொருளாகி உலகமெங்கும் பரவியது. பாளையங்கோட்டைப் பிள்ளைகளும் கணக்குப் பாடத்தில் படித்த ஐங்கோணத்தைக் கையால் கட்டியபோதுதான், ஐந்து சிம்புகளின் நீளத்திலும் சிறு பிசகுகூட இருக்கக் கூடாது என்பதை உணர்ந்தார்கள்.

விற்பனைக்குத் தனி முகம் கொடுத்தவை பனையோலைப் பொருள்கள். நாசரேத், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலர் பனையேறும் குடும்பத்தவர். பதநீர் காய்ச்சுவதும், கருப்பட்டி ஊற்றுவதும், ஓலை முடைவதும் அவர்கள் கண்டு வளர்ந்தவை. பொருள்கள் செய்ய வேண்டியது குருத்தோலை. அதை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும் சாயத்தில் முக்கியெடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் மங்கும். முடைவதற்குமுன் ஈரத்துணியால் பதப்படுத்தாவிட்டால் மடிக்கும் இடத்தில் ஓலை விரிந்துவிடும். அடிப்பகுதியிலிருந்து முடையத் தொடங்கி, நான்கு மூலைகளை மடக்கி, மேலே ஏறி, விளிம்பை உள்ளே செருகி முடிப்பார்கள். மூடி ஒரு மயிரிழை பெரிதாக அமைய வேண்டும். பெட்டி, கொட்டான், விசிறி, கிலுக்கு, பூங்கூடை, ஓலையாலேயே செய்த சிறு சிலுவை ஆகியவை தயாராயின.

எட்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் தலைகுனிந்து நின்ற பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஓலை கையில் வந்ததும் அவளே வகுப்புக்கு ஆசிரியை ஆனாள். பட்டணத்துப் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, “இத எப்படி மடக்கணும், கொஞ்சம் காட்டுட்டி” என்று கேட்டார்கள். கைத்தொழில் ஆசிரியையும் மூடி முடையும் முறையை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பனையேறியின் மகள் என்று சொல்லக் கூசிய பிள்ளைகள் சிலர், அந்த இரண்டு மாதங்களில் தங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றி உரக்கப் பேசத் தொடங்கினார்கள். விற்பனை ஈட்டிய பணத்தைவிட இது பெரிய ஆதாயம்.

மெழுகுவர்த்தி செய்வதில் ஆபத்து உண்டு என்பதால் விதிகள் கடுமையாக இருந்தன. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து உருக்குவார்கள். அதை அச்சில் ஊற்றுவது ஆசிரியை மட்டும். அச்சின் உட்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவது, திரியை நடுவில் இழுத்துக் கட்டுவது, ஊற்றிய அச்சைத் தண்ணீரில் வைத்து ஆறவிடுவது, அடியைச் சீவிச் சமமாக்குவது ஆகியவை மாணவியரின் வேலை. கோணலாக வந்ததும் உடைந்ததும் மீண்டும் பாத்திரத்துக்கே போகும் என்பதால் எதுவும் வீணாவதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத் தெருக்களில் மின்சாரம் சீராக இல்லாததால், அலங்கார மெழுகுவர்த்திகளைக் குறைத்து, நெடுநேரம் எரியும் பருத்த வெள்ளை மெழுகுவர்த்திகளை அதிகம் செய்தார்கள்.

தையல் பிரிவில் கைக்குட்டை, தலையணை உறை, மேசை விரிப்பு. கார்பன் தாளால் படத்தைத் துணியில் பதித்து, வளையத்தில் இறுக்கி, சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் என்று போட்டார்கள். கைக்குட்டைகளின் ஓரத்துக்குக் குரோஷாப் பின்னல். தையல் ஆசிரியை ஒவ்வொரு துணியையும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே முடிச்சும் தொங்கலும் இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டும். வயர் கூடையை அப்போது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பின்னினார்கள். சாதா முடிச்சு, சிவன்கண், நெல்லிக்காய் என்று முடிச்சு வகைகள் தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம். சந்தைக்குப் போகும் பெண்களுக்கு அன்றாடம் உதவும் பொருள் என்பதால், கூடைகள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பலகாரங்களை விடுதிச் சமையற்கட்டில், விற்பனைக்கு முந்தின இரண்டு நாள்களில் செய்தார்கள். அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை. அச்சை முதலில் எண்ணெயிலேயே காயவைத்து, பிறகு மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். முழுவதும் முங்கினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. முந்திரிக்கொத்துக்கு வறுத்துத் திரித்த பாசிப்பயறு, தேங்காய், எள், ஏலம், கருப்பட்டிப் பாகு. அவற்றை உருண்டை பிடித்து, கரைத்த மாவில் தோய்த்து, மூன்று மூன்றாக எண்ணெயில் போட்டெடுப்பார்கள். பாகு பதம் தவறினால் உருண்டை உதிரும், அல்லது பல்லுக்கு அடங்காது. அந்தப் பதம் தெரிந்தவர் விடுதிச் சமையல்கார அம்மா ஒருவரே. உப்புக்குத் துக்கடா, இனிப்புக்குக் கலகலா. கேக்கை மட்டும் பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கினார்கள்.

பொருள்கள் தயாரானதும் விலை வைப்பது கணக்கு ஆசிரியையின் வகுப்பில் நடந்தது. மெழுகு, நூல், தாள் ஆகியவற்றின் செலவைப் பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அடக்கவிலை கிடைக்கும். அதற்குமேல் உழைப்புக்கு எவ்வளவு வைப்பது என்பதில்தான் விவாதம். ஒரு பூ வேலை செய்ய மூன்று நாள் ஆனது என்று ஒருத்தி சொன்னால், கடையில் அதே கைக்குட்டை என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று மற்றொருத்தி கேட்பாள். தங்கள் தாய்மார் நாள் முழுவதும் பீடி சுற்றியும் ஓலை முடைந்தும் பெறும் கூலி எவ்வளவு குறைவு என்பதைப் பிள்ளைகள் சிலர் அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். முடிவில் இரண்டு விதிகள் ஏற்பட்டன. நற்பணிக்குத்தானே என்று சொல்லிப் பொருளின் தகுதிக்கு மேல் விலை வைக்கக் கூடாது. குறையுள்ள பொருளை இரக்கத்தைக் காட்டி விற்கக் கூடாது. வாங்குபவர் பொருளுக்காக வாங்க வேண்டும்; கொடுக்க விரும்புவோருக்கு உண்டியல் தனியாக இருந்தது.

விற்பனை நாளன்று வகுப்பறை மேசைகள் வேப்பமர நிழலில் வரிசையாக வந்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த சேலைகளை அவற்றின்மேல் விரித்தார்கள். நடுவில் நட்ட சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம், பனிக்குப் பஞ்சு. காலையில் தலைமையாசிரியை ஜெபித்துத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒருத்தி பொருளை எடுத்துக் காட்டுவாள், ஒருத்தி எழுதிக்கொள்வாள், ஒருத்தி பழைய செய்தித்தாளில் பொதிந்து கொடுப்பாள். பணம் தகர டப்பாவில் விழும். சில்லறைத் தட்டுப்பாடு அந்நாளில் பெரிய தொல்லை. பாக்கிக் காசுக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது கடைக்காரர் வழக்கம். பள்ளியில் அதற்கு அனுமதி இல்லை. முந்தின வாரமே ஆலயக் காணிக்கையில் சேர்ந்த நாலணா, எட்டணாக் காசுகளை நோட்டுக் கொடுத்து மாற்றி வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லர். பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் இந்துக்கள். மேலப்பாளையத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்களும் வந்தன. நட்சத்திரங்களை எல்லோருமே வாங்கினார்கள்; மார்கழியில் வாசலில் விளக்குத் தொங்குவது எந்த வீட்டுக்கும் அழகுதான். ஓலைப்பெட்டி மேசையில் வயதான பாட்டி ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஏ பிள்ள, இத நீதான் மொடஞ்சியா? மூல சுத்தமா விழுந்திருக்கு” என்றார். அந்தக் கடைசி வரிசைப் பெண் ஆமாம் என்று தலையசைத்தாள். பாட்டி பேரம் பேசாமல் மூன்று பெட்டிகள் வாங்கிக்கொண்டார். பிற்பகல் மழை வந்தபோது மேசைகள் கூடத்துக்குள் போயின. கூட்டமும் கூடவே உள்ளே வந்தது.

விளையாட்டுகளும் உண்டு. அடுக்கிய டப்பாக்களைப் பந்தால் அடித்தல், வளையம் வீசுதல், உமி நிரப்பிய தொட்டியில் கைவிட்டுப் பரிசு எடுத்தல், கேக்கின் எடையைச் சொல்லுதல். பரிசுச்சீட்டுக் குலுக்கல் மட்டும் கிடையாது. அப்போது தமிழ்நாட்டில் அரசே லாட்டரி நடத்தியது. 2003இல்தான் லாட்டரிக்குத் தடை வந்தது. சீட்டு வாங்கிக் கூலிப்பணத்தைத் தொலைக்கும் தகப்பன்மாரைப் பிள்ளைகள் வீட்டிலேயே கண்டிருந்தார்கள். குலுக்கல் வைத்தால் வசூல் கூடும் என்று தெரிந்தும், அந்த வழியில் வரும் பணம் வேண்டாம் என்பது பள்ளியின் உறுதி.

மாலையில் எண்ணிக்கை. ஒவ்வொரு டப்பாவையும் வகுப்பாசிரியையும் இரண்டு மாணவியரும் சேர்ந்து எண்ணி, எழுதிய குறிப்போடு ஒத்துப்பார்த்தார்கள். அடுத்த வாரக் காலைக் கூட்டத்தில் மொத்த வரவு, திருப்பிச் செலுத்திய முதல், மிஞ்சிய தொகை ஆகிய மூன்றையும் வகுப்புவாரியாகப் பள்ளி முன்னிலையில் மாணவத் தலைவி படித்தாள். அதே கணக்கு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது. எந்த வகுப்பு அதிகம் சம்பாதித்தது என்று பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லை. முந்தைய ஆண்டுகளில் ஒருமுறை அப்படிப் பரிசு வைத்தபோது, வசதியுள்ள பெற்றோர் தங்கள் பிள்ளையின் மேசைப் பொருள்களை மொத்தமாக வாங்கி வகுப்பை முதலாவதாக்கினார்கள். அதனால் அது கைவிடப்பட்டது.

பணத்தைக் கொடுத்த முறைதான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாடம். வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளைகளில் பலர் அதே பள்ளியில், அதே வகுப்புகளில் இருந்தார்கள். விற்பனைக்காக மெழுகுவர்த்தியின் அடியைச் சீவியவர்களிலும், அட்டை ஒட்டியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். அவர்களை மேடைக்கு அழைத்து, வரிசையில் நிற்கவைத்து, உதவி வழங்கி, புகைப்படம் எடுப்பது அன்றும் பலர் செய்த காரியம். இந்தப் பள்ளி அதைச் செய்யவில்லை. யாருக்கு என்ன தேவை என்று வகுப்பாசிரியைகள் தனித்தனியே கேட்டறிந்தார்கள். சீருடைத் துணி, நோட்டு, பாய், போர்வை, அலுமினியப் பாத்திரம் ஆகியவை வாங்கப்பட்டன. அரையாண்டு விடுமுறைக்குமுன் ஆசிரியைகளே வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எது போனது என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் சேர்ந்து உழைத்தார்கள். அதில் சிலருக்குத் தேவை இருந்தது, அவ்வளவுதான். ஆகவே பெற்றவர்கள் யாரிடமும் கடன்பட்டவர்களாக நிற்க வேண்டியிருக்கவில்லை. நூலக அலமாரிகள் அடுத்த ஆண்டு விற்பனையில் வாங்கப்பட்டன.

அன்று பங்குகொண்டவர்கள் இன்று நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். தையலைத் தொழிலாக்கிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. பொருளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கமும், செய்தவரின் உழைப்பை நினைக்காமல் பேரம் பேசாத பழக்கமும் அங்கே கற்றவை என்று அவர்கள் சொல்வதுண்டு.

பள்ளி விற்பனைகள் இன்றும் நடக்கின்றன. பல இடங்களில் மேசைகள் வெளி வியாபாரிகளுக்கு வாடகைக்குப் போகின்றன. நட்சத்திரங்கள் மொத்தக்கடையிலிருந்து பிளாஸ்டிக்கில் வருகின்றன. கைவேலை என்று பிள்ளைகள் கொண்டுவருவது பெற்றோர் பணம் கொடுத்துச் செய்யவைத்ததாக இருக்கிறது. அப்படி வசூல் பெருகலாம். பிள்ளைகள் கற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வசூலே குறிக்கோளானால் கல்வி பின்தங்கும் என்று 1930களிலேயே கல்வியாளர்கள் எச்சரித்தது இதைத்தான்.

டிசம்பரில் விற்பனை நடத்தும் பள்ளிகள் ஐந்து காரியங்களைக் கைவிடாதிருக்க வேண்டும். பொருளைப் பிள்ளைகளே செய்ய வேண்டும். அந்த ஊரின் ஓலையும் நாரும் கோரையும் அதில் இடம்பெற வேண்டும். விலை நேர்மையாக இருக்க வேண்டும். கணக்கைப் பிள்ளைகள் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டும். கொடுக்கும்போது வாங்குபவரின் மானத்தைக் காக்க வேண்டும். இவை இருந்தால் வசூல் சிறிதானாலும் விற்பனை வெற்றிதான்.